கோட்டின் மறுமுனை

கோட்டாற்றில் ரேடியோ இருந்த வீடுகளை அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். பெட்டி வாங்குவது ஒரு பெரிய காரியமில்லை. பணம் இருந்தால் மதராசிலிருந்து வந்து இறங்கிவிடும். இறங்கின பிறகுதான் தலைவலி. வீட்டுக்கு மேலே என்ன ஏரியல் கட்டுவது? அதைச் சொல்ல ஊரில் ஒரே ஆள்தான் இருந்தார். யேசுரத்தினம் என்று பெயர், கரண்டு கம்பெனியில் ஒயர்மேன். கூப்பிட்டால் வருவார். வந்து, பெட்டியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பக்கத்தில் மில் இருக்கிறதா, கரண்டுக் கம்பி எந்தப் பக்கமாகப் போகிறது, தென்னை எங்கே நிற்கிறது என்று அண்ணாந்துகொண்டே போய், கிணற்றடித் துவைகல்லில் காலை இடித்துக்கொண்டு, அதற்கும் வீட்டுக்காரரையே முறைப்பார். பிறகுதான் வாய் திறக்கும்.

"நீளக் கம்பி கட்டினா எல்லாம் கேக்கும். பாட்டும் கேக்கும், பாட்டைத் தின்னுகிற சத்தமும் கேக்கும். அது பேராசைக்காரனாக்கும், நல்லது கெட்டது பாக்காது. குட்டைக் கம்பி கட்டினா சத்தம் குறையும், பாட்டும் சேந்து குறையும். ரெண்டும் வேண்டாம்னா சட்டம்."

சட்டம் என்பது அவரே மரத்தில் செய்த சாதனம். இரண்டு பலகைகளைக் குறுக்கே ஆணியடித்து, நான்கு முனையையும் தொட்டுச் செப்புக்கம்பியை வரிவரியாகச் சுற்றி, ஒரு முளைமேல் நிறுத்தியிருப்பார். ரேடியோவோடு இணைத்துக்கொண்டு மெல்லத் திருப்பினால், ஒரு திசைக்கு அதன் காது திறக்கும், ஒரு திசைக்கு அடைத்துக்கொள்ளும். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவர் சத்தம் பெருகுகிற இடத்தைத் தேட மாட்டார். சத்தம் செத்துப்போகிற இடத்தைத் தேடுவார். அந்த இடத்தில் சட்டத்தின் முகம் எதைப் பார்த்து நிற்கிறதோ, அந்தக் கோட்டில்தான் இரைச்சல் பிறக்கிறது.

பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உடனே, "அப்ப அந்தப் பக்கந்தானா?" என்று கை நீட்டுவார்கள். யேசுரத்தினத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"சட்டத்துக்கு ரெண்டு முகம் உண்டுல்லா! அது கோட்டைத்தான் காட்டும். கோட்டுல எந்த முனைன்னு காட்டாது. அதை நாமதான் காலால நடந்து போய்ப் பாக்கணும்."

இதைக் கோட்டாற்றிலும் வடிவீஸ்வரத்திலும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். திட்டியும் சொல்லியிருக்கிறார். கடைசியில் அதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துபோனார் என்பதுதான் அவருடைய கதை.

இந்த வித்தையெல்லாம் அவர் பாஸ்ராவில் பிடித்தது. ஜெர்மன் சண்டையில் ஆள் எடுத்தபோது கூலிப் பட்டாளத்தோடு கப்பலேறிப் போனவர். அங்கே கம்பியில்லாத் தந்திக்காரர்களுக்கு மூங்கில் சுமக்கிற வேலை கிடைத்தது. ஒரு பெட்டிக்குள் சுருள், அதில் பொறி பறக்கும். பொறியின் ஒரு முனை மண்ணுக்கு, மறுமுனை மூங்கில் உச்சியில் கட்டிய கம்பிக்கு. அவ்வளவுதான். அது பாலைவனத்தைத் தாண்டிப் போய்ப் பேசும். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்ற யேசுரத்தினம் அதை வாய் பிளந்து பார்த்தார், பார்த்ததை விடவில்லை. ஊருக்கு வந்து கொஞ்ச காலம் தையல் மிஷினும் பெட்ரோமாக்ஸும் பழுது பார்த்தார். நாகர்கோவிலுக்குக் கரண்டு வந்தபோது கம்பெனிக்காரர்கள் அவரைத் தேடி வந்து வேலை கொடுத்தார்கள். ஊரெல்லாம் விளக்குப் போட்டுக் கொடுத்தவர் வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்குதான். கேட்டால், அதன் குணம் தெரிந்தவன் அதை வீட்டுக்குள் விடமாட்டான் என்பார். கட்டுப்படியாகாது என்பதை இப்படியும் சொல்லலாம்.

மனைவி நேசபாய். மூத்தவன் செல்வதாஸ் இரணியலில் வாத்தியார். இளையவள் எலிசா.

எலிசாவைப் போலத் தொண்டை சபையில் வேறு யாருக்கும் கிடையாது. கிறிஸ்மஸ் பஜனை தெருத்தெருவாகப் போகும்போது, அவள் குரல் கேட்டால் வெள்ளாளத் தெருவிலும் கதவு திறக்கும். கீர்த்தனைகளை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நேசபாய். யேசுரத்தினத்துக்குப் பாட்டு வராது. ஆனால் மகள் பாடும்போது கோயிலின் பின்வரிசையில் நின்று, ஒரு ஏரியல் கம்பியைப் பார்க்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருப்பார். பெருமையைக் காட்டிக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஒரு வருஷம் சபை ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துபோயிற்று. ஊரில் அப்போது ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. அதில் ஆர்மோனியம் வாசிக்கிற வள்ளிநாயகம் என்ற அஞ்சுகிராமத்துப் பையனை, துருத்தி தைக்கக் கூட்டிக்கொண்டு வந்தது வேறு யாருமில்லை, யேசுரத்தினமேதான். பையன் துருத்தியைத் தைத்தான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எலிசாவை ஒரு கீர்த்தனை பாடச் சொன்னான். அவ்வளவு போதுமாயிருந்தது. கம்பெனி கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போன மாதத்தில் எலிசாவும் போய்விட்டாள். இரண்டு பேரும் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள், அங்கே கல்யாணம் பதிவானது என்று செய்தி வந்தது.

இந்து. நாடகக்காரன். யேசுரத்தினம் சாமான்களை உடைக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அன்று அந்தி ஜெபத்துக்கு முழங்கால் போடும்போது மனைவியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இனி அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கப்பிடாது. ஜெபத்துலயும் கேக்கப்பிடாது."

அந்த வீட்டு ஜெபத்தில் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுப்பது வழக்கம். நேசபாய்தான் ஜெபிப்பாள். அன்றைக்குச் "செல்வதாஸை உம்ம கையில தாறோம்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். ஒரு பேர் சொல்லுகிற அளவுக்கு நிறுத்தினாள். பிறகு மேலே போனாள். அதைத் தடுக்க அவரிடம் சட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் அந்த நிறுத்தல் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

மறு வருஷம் நேசபாய்க்கு வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டியை வைத்துக் கைக்கு மெல்லிய கரண்டு கொடுத்தார்கள். கொஞ்சம் குணம் தெரிந்தது. தினமும் அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது என்று யேசுரத்தினம் அதே மாதிரி ஒரு பெட்டியை வீட்டில் செய்துவிட்டார். ஒரு சுருள், இரண்டு பித்தளைக் கைப்பிடி, பாட்டரிக் கட்டைகள். போட்டால் வண்டு மாதிரி இரையும், அதனால் நேசபாய் அதை வண்டுப் பெட்டி என்பாள். அந்தி ஜெபம் முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையால் கைப்பிடியைப் பிடித்து வலது கையில் வைத்து வைத்து எடுப்பாள். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிய ஆரம்பித்திருந்தன. ஒரு கீரைத்தண்டை ஒடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அவளுக்காக அவர் இன்னொன்றும் செய்தார். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட, எங்கேயோ கழற்றின பழைய ஏரியல் கம்பியைக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் ஒரு முனையும் தென்னையில் மறுமுனையுமாக உயரக் கட்டிக் கொடுத்தார். கயிற்றை இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும். ஒற்றைக் கைக்காரிக்கு வசதி. பேச்சில் காட்டத் தெரியாத பிரியத்தை மனிதர் இப்படித்தான் ஆணியும் கம்பியுமாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்துநாலாம் வருஷம் கார்த்திகையில் கணபதியப்பன் பிள்ளை ரேடியோ வாங்கினார். கோட்டாற்றில் அரிசி மில் வைத்திருந்தவர். யேசுரத்தினத்தின் தெருவுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. யேசுரத்தினம் இரண்டு தென்னைகளுக்கு நடுவே நீளக் கம்பி கட்டிக் கொடுத்தார். கொழும்பு நன்றாகக் கேட்டது. ஆனால் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆனால் போதும், சீலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு இரைச்சல் வந்துவிடும். வரும், நிற்கும், வரும். பிறகு அதுவாகவே போய்விடும். பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பெட்டிக்குப் பசிக்குது போல" என்று சிரித்தார்.

அந்த டிசம்பரில்தான் கருப்பட்டி யாவாரி சுயம்புலிங்கம் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தான். யேசுரத்தினத்தை அவன் கடையில் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணாச்சி, கோவப்படப்பிடாது. அங்க எலிசாவைப் பாத்தேன்."

யேசுரத்தினம் கருப்பட்டிச் சிப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கா. வாற சனிக்கிழமை, விளக்கு வச்சதுக்குப் பெறவு, கொழும்பு ரேடியோவுல கிறிஸ்மஸ் கீர்த்தனை பாடுகா. ஒரே ஒருக்காதான். அதுக்குப் பெறவு ரெண்டுபேரும் கச்சேரிக்கு உள்நாட்டுப் பக்கம் போறாங்களாம். 'அம்மைக்குக் கேக்குமா'ன்னு எங்கிட்ட கேட்டா. 'அப்பாவுக்கு'ன்னு கேக்கல்ல. ஆனா நம்மூருல இப்ப ஆரு ஏரியல் கட்டுகான்னு ரெண்டு மட்டம் கேட்டா அண்ணாச்சி."

"கருப்பட்டி என்ன வெலை?" என்றார் யேசுரத்தினம்.

சுயம்புலிங்கம் விலை சொன்னான். அவர் வாங்காமலே போய்விட்டார்.

ஆனால் அன்று சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே கணபதியப்பன் பிள்ளை வீட்டு முற்றத்தில் நின்றார். தோளில் சட்டம்.

"முதலாளி, அந்தச் சத்தத்தை இந்தச் சனிக்கிழமைக்குள்ள நிறுத்தியாகணும்."

"சனிக்கிழமை என்ன வே விசேசம்?"

"கிறிஸ்மஸ் பாட்டு வருகு."

கோட்டாற்றில் ஒரு செய்தி சுயம்புலிங்கத்துக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான். நேசபாய் ஒருத்தியைத் தவிர. அவளிடம் சொல்ல வேண்டியவர் புருஷன் என்று ஊரே நாகரிகமாக வாயை மூடிக்கொண்டது. பிள்ளையும் மேற்கொண்டு கேட்கவில்லை. "செய்யும்" என்றார்.

அந்த வாரம் யேசுரத்தினம் தலையால் தண்ணீர் குடித்தார். நீளக் கம்பியை அவிழ்த்துவிட்டு ஓட்டுக்கு மேலே குட்டைக் கம்பி நட்டார். இரைச்சல் பாதியானது, கொழும்பு காணாமலே போனது. மறுபடி நீளக் கம்பி. பாட்டும் வந்தது, சீலையும் கிழிந்தது. கடைசியில் சட்டத்தை வைத்துத் திருப்பினார். ஒரு இடத்தில் இரைச்சல் துடைத்த மாதிரி நின்றது. அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த கையோடு கூம்பியது. இரைச்சலோடு கொழும்பும் நின்றுவிட்டிருந்தது. கொழும்பு அங்கிருந்து தென்கிழக்கே கடலுக்கு அப்பால். இரைச்சல் பிறக்கிற இடமும் அதே கோட்டில். ஒன்றுக்குக் காதை அடைத்தால் மற்றதுக்கும் அடைத்துக்கொள்ளும். கட்டுகிற ஏரியலை மாற்றி இனிப் பயனில்லை, சத்தம் போடுகிறதைத்தான் நிறுத்த வேண்டும்.

தென்கிழக்கே ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிள்ளையின் சொந்த மில்லே நின்றது. மோட்டாரில் பொறி பறப்பதை அவரே பலமுறை பார்த்திருக்கிறார். அவித்த நெல் காய்ந்து வந்ததும் சாயங்காலம் மில் ஓடும். பொருத்தம் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அவர் எழுந்து நடக்கவில்லை. மறுமுனையைப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், அவசரத்தில், ஒரு முனையோடு நின்றுவிட்டார்.

"மில்லு மோட்டாராக்கும் முதலாளி."

பிள்ளை யோசிக்கவேயில்லை. "சனிக்கிழமை சாயந்திரம் நிறுத்திப் போடுகேன். நெல்லு ஒரு நாளு கெடந்தா அழுகியா போகும்?"

அந்த நாட்களில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது நேசபாய் கேட்டாள். "தெனமும் அந்தி ஜெபத்துக்கு இல்லாம எங்க போறியோ?"

"வேலை" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு இந்த மனிதர்மேல் கோபம் வருகிற இடம் இதுதான். தட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று வருஷமாக ஒரு பெயரை விழுங்கிக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். 'உன் மகள் பாடப் போகிறாள், வா கேட்கலாம்' என்று சொல்ல என்ன செலவு? சொன்னால் தான் இறங்கிவந்ததாகிவிடும். தனியாகப் போய், தனியாகக் கேட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் மகளை மன்னித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். பிறகு மெல்ல நேசபாயிடம் சொல்லிக்கொள்ளலாம். நாள் இருக்கிறது என்று நினைப்பு.

சனிக்கிழமை வந்தது. மில் நின்றது. அது நின்றதும் கோட்டாறே காது கேளாமல் போன மாதிரி இருந்தது. பிள்ளை வீட்டுக் கூடத்தில் ரேடியோவுக்கு எதிரே யேசுரத்தினம் தரையில் உட்கார்ந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். கதவுக்குப் பின்னால் பிள்ளையின் மனைவி மீனாட்சியம்மாளும் வீட்டுப் பெண்களும்.

யாரோ இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு தமிழில், "இப்போது கிறிஸ்மஸ் கீர்த்தனை. பாடுகிறவர் திருமதி எலிசா வள்ளிநாயகம்" என்று கேட்டது. அந்தப் பெயரை மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஒரு வீட்டுக்குள் கேட்டார். ஆர்மோனியம் எடுத்தது. குரல் எழும்ப மூச்சு இழுத்ததுகூடக் கேட்டது.

சீலை கிழிந்தது.

யேசுரத்தினம் பிள்ளை பக்கம் திரும்பினார். "மில்லை நிறுத்தியாச்சுல்லா?" என்றார். "நிறுத்தியாச்சு வே" என்றார் பிள்ளை. இரைச்சல் நின்றது. நின்ற இடைவெளியில் எலிசாவின் குரல் ஒரு சொல் வந்தது. அதே குரல்தான், கொஞ்சம் கனத்திருந்தது. உடனே மறுபடி கிழிந்தது. நின்றது. இன்னொரு சொல், பாதி. கிழிந்தது. அவர் பாய்ந்து சட்டத்தைத் திருப்பினார். இரைச்சல் செத்தது, மகளும் சேர்ந்து போனாள். திருப்பினார். இரண்டும் வந்தன. மறுபடி திருப்பினார்.

சத்தம் செத்த இடத்தில் சட்டத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சட்டத்தின் ஒரு முகம் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. மில் ஊமையாக நின்றது. அப்போதுதான் அவர் தலையைத் திருப்பி மற்ற முகம் பார்க்கிற பக்கத்தைப் பார்த்தார். வடமேற்கு ஜன்னல். அதற்கு வெளியே வாழை, மதில், அடுத்த தெருவின் பின்பக்கம், ஒரு தென்னை. அந்தத் தென்னையிலிருந்து ஒரு ஓட்டு வீட்டு ஜன்னலுக்குச் சாய்வாக ஒரு கம்பி. அதில், எடுக்காமல் விட்ட அவருடைய வெள்ளை வேட்டி மங்கலில் தெரிந்தது.

அந்த வீட்டில் கரண்டே கிடையாதே என்றுதான் முதலில் நினைத்தார். அடுத்த மூச்சில் பாஸ்ரா ஞாபகம் வந்தது. சுருள், பொறி, உயரக் கட்டின கம்பி. சீமைக்காரன் பாலைவனத்தில் வைத்திருந்ததைத் தன் வீட்டு ஜன்னலில் தன் கையாலேயே செய்து வைத்திருக்கிறார். ஜன்னல் கம்பியை ஒட்டி வண்டுப் பெட்டியோடு உட்கார்ந்து நேசபாய் ஒவ்வொரு அந்தியும் ஊருக்கே இரைச்சலை அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

ஓடினார். சட்டத்தைப் பாட்டு கேட்கிற வாக்குக்குத் திருப்பிவிட்டு, செருப்பில்லாமல் ஓடினார். வெளுத்த சட்டையோடு அந்த வயசில் அவர் ஓடினதைத் தெருவே பார்த்தது.

வீட்டுக்குள் வண்டு இரைந்துகொண்டிருந்தது. நேசபாய் கண்ணை மூடி, கைப்பிடியை முழங்கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவர் இல்லாத சாயங்காலங்களில் அவளுக்கு ஜெபம் ஜெபத்தோடு முடிவதில்லை போலிருக்கிறது. "எலிசாவை, எம் பிள்ளை எலிசாவை உம்ம கையில..."

அவர் பாட்டரிக் கம்பியைப் பிடுங்கி எறிந்தார். நேசபாய் கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இனி சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன். நீங்க இல்லைன்னுதான்..."

அவருக்கு மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் பிறகு எத்தனையோ வருஷம் தன்னையே சபித்துக்கொண்டார்.

"எலிசா" என்றார். "ஏட்டி, எலிசா பாடுகா. பிள்ளைவாள் வீட்டு ரேடியோவுல. இப்பம்."

நேசபாய் எழுந்திருக்கப் பார்த்தாள். வலது கால் வரவில்லை. அவர் ஒற்றைக்கு ஓடியிருந்தால் கடைசி அடியாவது கிடைத்திருக்கும். அது அவருக்குத் தெரியாமலில்லை. கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். குனிந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கல்யாணம் ஆன நாள் முதல் தெருவில் அவளோடு சேர்ந்து நடந்தறியாத மனிதர், அவளைச் சுமந்துகொண்டு கோட்டாற்றுத் தெருவில் வந்தார். "மெல்ல, மெல்ல" என்று அவள் அழுதாள். அது சமயம் அவள் சொன்னது "சீக்கிரம்" என்றுதான் அவருக்குக் கேட்டது.

பிள்ளை வீட்டுக் கூடம் இப்போது கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. இரைச்சல் ஒரு பொட்டு இல்லை. மில்லும் ஓடாத அமைதியில் ரேடியோச் சத்தம் வாசல் வரைக்கும் வந்தது. அவர்கள் வாசற்படியில் கால் வைத்தபோது கேட்டது ஆர்மோனியம். ஆர்மோனியம் மட்டும். பாட்டு முடிந்த பிறகு அது தனியாகக் கொஞ்ச தூரம் போய், ஒரு இடத்தில் தயங்கி, அடங்கியது. துருத்தியை மூடுகிற சத்தம்கூட வந்தது. பிறகு இங்கிலீஷ்.

கணபதியப்பன் பிள்ளை கண் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். "எங்க வே ஓடினீரு? நீரு போன கொஞ்ச நேரத்துல அந்தச் சனியன் சட்டுனு நின்னுட்டுது. கடைசி ரெண்டு சரணமும் அப்படியே முழுசா..." என்றவர், அவர் தோளில் இருக்கிறவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மீனாட்சியம்மாள் வந்து நேசபாயை வாங்கிச் சாய்த்து உட்காரவைத்தாள். "உனக்க தொண்டையாக்கும் உனக்க மகளுக்கு" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதைப்போல் குத்துகிற சொல் வேறு இருக்க முடியாது.

அந்தத் தெருவே எலிசாவைக் கேட்டது. பெற்றவர்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பின பிறகு நேசபாய் நடந்ததையெல்லாம் ஒன்றொன்றாக அவரிடமிருந்து பிடுங்கினாள். சுயம்புலிங்கம் சொன்னது, சட்டம், மில், கோடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் அந்தப் பெட்டியைத் தொட்டிருப்பேனா?"

 

மறுநாளே யேசுரத்தினம் சுயம்புலிங்கத்தின் கடைக்குப் போனார். "நீ அடுத்த மட்டம் போகும்போ அவகிட்ட சொல்லு. ரெண்டுபேரும் வரட்டும். ரெண்டுபேரும்னு சொல்லு." சுயம்புலிங்கம் தை பிறந்து போனான். உள்நாட்டுக்கே போய் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னான். எலிசா அழுதாளாம், அழுகையோடு சிரித்தாளாம். உள்நாட்டில் ஒப்புக்கொண்ட கச்சேரிகளை முடித்துக்கொண்டு ஈஸ்டருக்கு வந்துவிடுகிறோம் என்றாளாம். நேசபாய் அன்றைக்கே ஈஸ்டருக்கு என்னென்ன சுடுவது என்று பேச ஆரம்பித்தாள். யேசுரத்தினம் ஓட்டை மாற்றினார். ஆர்மோனியத்தை வைக்கக் கூடத்தில் ஒரு பலகையும் அடித்தார்.

அந்த வருஷம் சிலோனில் மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது தெரிந்ததே. உள்நாட்டுப் பக்கம்தான் அது பேயாட்டம் ஆடியது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் சுயம்புலிங்கம் யேசுரத்தினத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றான். தலைத்துண்டு கையில் இருந்தது. ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் சொன்னான். எலிசாவை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வள்ளிநாயகம் கொழும்பில் ஒரு அறையில் கிடக்கிறான், சாப்பிடுவதில்லை, ஆர்மோனியத்தைத் திறப்பதில்லை.

நேசபாய் அந்த வண்டுப் பெட்டியை அதற்குப் பிறகு தொடவில்லை. பிரிந்த விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டன. யேசுரத்தினம் கம்பியை அவிழ்த்துவிட்டுக் கயிறு கட்டினார்.

செய்தி வந்த அன்று அந்தி ஜெபத்துக்கு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவளால் முழங்கால் போட முடியாது. நேசபாய் தொடங்கினாள். ஊருக்காக, சபைக்காக, மழைக்காக. பிறகு, "செல்வதாஸை உம்ம கையில தாறோம்" என்றாள். நிறுத்தினாள்.

யேசுரத்தினம் வாயைத் திறந்தார். அந்தப் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார். சொல்ல முடியவில்லை. செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்பது அவர்கள் சபையின் சட்டம். மூன்றாம் வீட்டுக் கத்தோலிக்கரோடு இதைப் பற்றி மணிக்கணக்காக வாதாடி ஜெயித்தவர் அவர். உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பெயரை அவர் விலக்கி வைத்திருந்தார். இப்போது அவர் சொல்ல வந்தால் வேதம் விலக்குகிறது. மகளுக்காகக் கர்த்தரிடம் கேட்க இனி ஒன்றுமில்லை. கேட்கிற காலத்தில் அவர் கேட்கவிடவில்லை.

நேசபாய் காத்திருந்தாள். அவளும் மேலே போகவில்லை. ஒரு பேர் சொல்லுகிற அளவு எப்போதோ கடந்துவிட்டது. தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"வள்ளிநாயகத்தை" என்றார் யேசுரத்தினம்.

நேசபாய் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"வள்ளிநாயகத்தை உம்ம கையில தாறோம் ஆண்டவரே. அவன் அங்க ஒத்தைக்கு இருக்கான். எங்க மருமகனாக்கும்."

"ஆமென்" என்றாள் நேசபாய்.